11 நாளும் 72 வருஷமும்

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 41 வயது. பிறந்த ஊர் குத்தாலம் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருச்சியில். போன கார்த்திகையில் அம்மா தவறிட்டாங்க. வயது 72. மூச்சுத்திணறல்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, 11 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தாங்க.

வர்ற கார்த்திகையில் தலைத்திவசம். அதுக்குச் சின்னதா ஒரு நினைவு மலர் அச்சடிக்கணும்னு அண்ணனுக்கு ஆசை. "அம்மாவைப் பத்தி நீதான் எழுதணும், 2 பக்கம் போதும்"னு சொல்லிட்டார். பேனாவை எடுத்தாலே மூக்கில் குழாயும், ஊசி குத்திக் குத்தி வீங்கின கையும், அந்த மெஷின் சத்தமும்தான் வருது. 72 வருஷம் வாழ்ந்த மனுஷியில் எனக்கு 11 நாள்தான் மிச்சமா? மீறி எழுதினால் 'அன்பின் உருவம், தியாகச் சுடர்'னு ஃப்ளெக்ஸ் போர்டு வாசகமா வருது. எங்க அம்மா அப்படி இல்லை. வாய் ஜாஸ்தி. வரப்புத் தகராறில் பெரியம்மாவோட 9 வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. இதையெல்லாம் எழுதலாமா?

துக்கத்துக்கு 5 கட்டம் இருக்கு, நான் நாலாவதான மனச்சோர்வில் மாட்டிக்கிட்டேன்னு வீட்டுக்காரரோட தம்பி யூடியூப் பார்த்துட்டுச் சொல்றார். வேலைக்குப் போறேன், சமைக்கிறேன், சிரிக்கவும் செய்றேன். திடீர்னு பஸ்ஸில் உட்கார்ந்து அழுறேன்.

என் மகளுக்கு 7 வயது. "அம்மாச்சி சாமிகிட்ட தூங்குறாங்க"ன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. அதிலிருந்து நான் மதியம் கண் அசந்தால் உலுக்கி எழுப்பி விட்டுடுறா. இந்த வருஷம் பண்டிகை இல்லைன்னு அண்ணி சொல்லிட்டாங்க. இவளோ ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் இழுக்கணும்னு அடம்.

அம்மா போனில் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் கிடக்கு. பீரோவில் கூறைப்புடவையும் மத்த புடவைகளும் இருக்கு. ஒரு ஜாடியில் அம்மா போட்ட தாளிப்பு வடகம் ஏழு உருண்டை. சமைக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. என்ன செய்றது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 11 நாள் முன்னால் வந்து நிற்பதற்கு உங்கள் பாசத்தில் குறை தேட வேண்டாம். நினைவு பதிகிற விதமே அப்படித்தான். பயத்தோடும் தூக்கமில்லாமலும் பார்த்த காட்சியை மூளை அழுத்திப் பதித்துக்கொள்ளும். அடுப்படியில் அம்மா நின்றதை ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். பயப்பட அங்கே எதுவும் இல்லாததால் எதுவும் தனித்துப் பதியவில்லை. அதற்காக அது அழிந்துபோகவும் இல்லை. சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும்.

"அம்மாவைப் பற்றி எழுது" என்பது மிக அகலமான கேள்வி. அதற்கு மனசிடம் இரண்டே பதில்தான் தயாராக இருக்கும்: கடைசியாகப் பார்த்தது, அல்லது ஊரார் சொல்கிற வாசகம். உங்களுக்கு இரண்டுமே வந்துவிட்டன. 'பிறந்தார், மணந்தார், பெற்றார்' என்று வரிசைப்படுத்தி எழுதினாலும் அந்த வரிசை மறுபடி ஐ.சி.யூ. வாசலில்தான் போய் முடியும்.

அதனால் வருஷ வரிசையை விட்டுவிட்டு மாச வரிசையைப் பிடியுங்கள். ஒரு நோட்டில் சித்திரையிலிருந்து பங்குனி வரை 12 பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மாசத்தில் அம்மாவின் கை என்ன வேலை செய்தது என்பதை மட்டும் எழுதுங்கள். குணம் வேண்டாம், வேலை போதும். மேட்டூரில் வழக்கம்போல ஜூன் 12 திறந்தால் உங்கள் வாய்க்காலுக்கு எத்தனையாவது நாள் தண்ணீர் வரும்? வந்தது என்று முதலில் யார் ஓடி வந்து சொல்வார்கள்? குறுவை நடவாளுக்குச் சோறு எந்தக் குண்டானில் போகும்? ஐப்பசி அடைமழையில் ஈர விறகை என்ன செய்வார்? துலா முழுக்குக்கு மயிலாடுதுறை போனால் எந்த பஸ், யாரோடு? சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்து பங்குனியில் வீட்டுக்கு வந்ததும் எங்கே காயும்? இப்படிக் குறுகலாகக் கேட்டால் பதில் வரும். ஒரு பதில் வரும்போது அதன் வாலைப் பிடித்து இன்னும் இரண்டு வரும். ஒரு நாளைக்கு ஒரு மாசம், அதுவும் 20 நிமிஷம். வராத பக்கத்தைக் காலியாக விடுங்கள், அது அடுத்தவரிடம் கேட்க வேண்டிய பக்கம்.

அடுத்தவர் என்று நான் சொல்வது சொந்தக்காரர்களை மட்டும் அல்ல. கூட நடவு நட்ட பெண்கள், பால் ஊற்றியவர், ரவிக்கை தைத்தவர் எல்லோரும்தான். "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "தங்கமானவங்க" என்பார்கள், அத்தோடு பேச்சு முடிந்தது. அம்மா புழங்கிய ஒரு பொருளை, சுளகோ வெற்றிலைப் பெட்டியோ, கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். போனில் பதிவு செய்வதானால் மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாது. அழுதால் அழட்டும். உடனே தண்ணீர் கொடுத்து வாயை அடைக்க வேண்டாம்.

பெரியம்மாவிடம் கண்டிப்பாகப் போங்கள். 9 வருஷம் பேசாத ஒருத்திக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்தது, தினம் பேசியவர்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். இரண்டு பேருக்கும் படித்துறை ஒன்றுதானே? யார் முதலில் இறங்குவார், மற்றவர் எங்கே காத்திருப்பார்? சண்டையை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். நோட்டில் முழுக்க எழுதுங்கள். மலரில் போடுவதற்கு முன்னால் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் இருக்கிறார், ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாம். வாய் ஜாஸ்தி என்பதை எடுக்க வேண்டாம். அம்மா திட்டின திட்டை அவர் சொன்ன சொல்லிலேயே ஒன்றிரண்டு எழுதுங்கள். சுடர் விளக்கை யாருக்கும் அடையாளம் தெரியாது. அந்தத் திட்டைப் படித்தால் பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே "அம்மாச்சிதான்" என்பார்கள்.

ஆஸ்பத்திரிக் காட்சிகளைத் தள்ளித் தள்ளி விட்டால் அவை இன்னும் வேகமாகத் திரும்பி வரும். ஒரு பகல் பொழுதில், தனித் தாளில், அந்த 11 நாளையும் தேதி போட்டு வரிசையாக எழுதிப் பாருங்கள்: அன்று யார் கூட இருந்தது, டாக்டர் என்ன சொன்னார், நீங்கள் என்ன முடிவு செய்தீர்கள். சிதறிக் கிடக்கும் காட்சிகளுக்கு முன்னும் பின்னும் தெரிந்தால் அவற்றின் வேகம் பெரும்பாலும் குறையும். ராத்திரி செய்யாதீர்கள், தூக்கம் போய்விடும். எழுதி முடித்ததும் வெளியே கடைக்குக் கிடைக்குப் போய் வாருங்கள். நடுவில் படபடப்பு ஏறினால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஓர் ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து மிச்சத்தைச் செய்யலாம்.

கொழுந்தனாரின் ஐந்து கட்டத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மருத்துவர், 1969-இல். அவர் பேசியது சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளோடு; பறிகொடுத்தவர்களைப் பார்த்துப் போட்ட பட்டியல் அது இல்லை. படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக ஏறவேண்டிய கட்டாயமும் யாருக்கும் கிடையாது. 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் உங்கள் நிலைக்குப் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வேலையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்வருவார். அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்றார்கள். நம் ஊர் முறைப்பாசனம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு இந்த வாய்க்கால், அடுத்த முறைக்கு அந்த வாய்க்கால். ஆபீசில் சிரித்ததும் பஸ்ஸில் அழுததும் அந்த முறை மாறுவதுதான். ஒரே மடையை மூடாமல் வைத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்தக் கவலைக்கும் ஓர் அளவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும், அந்தச் சமூகம் வழக்கமாக ஏற்கும் அளவையும் மீறியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும். நம் குடும்பங்களில் வருஷம் முடியும் வரை துக்கம் காப்பது வழக்கம். எட்டு மாசத்தில் நீங்கள் வேலைக்குப் போய்ச் சமைத்துச் சிரிக்கிறீர்கள். கடிதத்தில் கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போனாலோ, அம்மா போனதையே மனசு மறுத்தாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ திவசம் வரை காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மகள் விஷயம்தான் அவசரம். இன்றைக்கே செய்யுங்கள். தூங்கினவர்கள் திரும்பி வருவதில்லை என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள். அதனால்தான் உங்களை எழுப்புகிறாள். "அம்மாச்சி இறந்துட்டாங்க. இறந்துட்டா மூச்சு விட மாட்டாங்க, பசிக்காது, வலிக்காது, திரும்ப எழுந்திருக்க மாட்டாங்க. தூக்கம் வேற. அம்மா தூங்கினா மூச்சு வரும், பாரு" என்று சொல்லி, நீங்கள் படுத்துக்கொண்டு அவள் கையை எடுத்து உங்கள் வயிற்றின் மேல் வையுங்கள். ஏறி இறங்குவதை அவளே எண்ணட்டும். ஒரு தடவை சொன்னால் போதாது. அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பாள். பத்துத் தடவையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். மாற்றினால் குழம்புவாள். சாமியைப் பற்றி அவரவர் நம்பிக்கைப்படி பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 'தூக்கம்', 'ஊருக்குப் போயிருக்காங்க' இரண்டும் மட்டும் கூடாது.

பண்டிகை இல்லை என்பது உங்கள் குடும்பத்து முடிவு, அண்ணியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆற்றுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லையே. ஆடி 18 அன்று சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு படித்துறைக்கு அழைத்துப் போங்கள். காதோலை கருகமணி விட்டது, காப்பரிசிக்கு அரிசி ஊறவைத்து வெல்லமும் எள்ளும் தேங்காயும் கலந்தது, இதையெல்லாம் அம்மாச்சி எப்படிச் செய்வார் என்று அங்கே உட்கார்ந்து சொல்லுங்கள். சப்பரம் அடுத்த வருஷம் உண்டு என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

குரல் பதிவுகளை இந்த வாரமே எடுங்கள். ரீசார்ஜ் செய்யாத எண் சில மாதத்தில் வேறு யாருக்காவது போய்விடும், பழைய போனின் பேட்டரி உப்பிக்கொள்ளும். கோப்புகளின் பெயரில் தேதியும் எண்ணும்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் கேட்டு, 'முருங்கைக்கீரை அனுப்பினது', 'காய்ச்சலுக்குக் கஷாயம்' என்று பெயர் மாற்றி, ஒரு பென் டிரைவிலும் அண்ணனின் கம்ப்யூட்டரிலும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம்.

கூறைப்புடவையை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். நம் பக்கத்து ஈரக்காற்றுக்குப் பூசணம் பிடிக்கும். துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, 3 மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள்; ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக்கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் போடலாம். மற்றவற்றைப் பங்கு போடும்போது, அம்மா கடைசியாக உடுத்தி மடித்து வைத்த நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். துவைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாசனை மெல்லப் போகும், அது தானாகப் போகட்டும்.

அம்மா மாதிரி நீங்களே புதிதாக வடகம் போடலாம், ஆனால் அதற்கு ஆடி சரிப்படாது. மேகமும் காற்றுமாக இருக்கும். நடுவில் இரண்டு நாள் வெயில் போனால் உள்ளே பூஞ்சை விழுந்து நாறிவிடும். சித்திரை வரட்டும். அதற்குள் உங்கள் சின்னம்மாவோ, அம்மாவோடு உட்கார்ந்து வடகம் போட்ட வேறு யாரோ, அவரிடம் அளவை வாங்கிவிடுங்கள். பொதுவாக 1 கிலோ சின்ன வெங்காயத்துக்கு 200 கிராம் பூண்டு, 100 கிராம் உளுந்து, 50 கிராம் கடுகு, 25 கிராம் சீரகம், 2 ஸ்பூன் வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை, உருட்ட விளக்கெண்ணெய். வெங்காயத்தை உரலில் ஒன்றிரண்டாகத்தான் இடிக்க வேண்டும். மிக்ஸியில் விழுதாக்கினால் தண்ணீர் விட்டுப் புளித்துப்போகும். பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்து, மறுநாள் பிழிந்து காயவைத்து, சாயங்காலம் பிழிந்த நீரிலேயே மறுபடி போட்டுப் பிசைந்து, நீர் வற்றும் வரை இப்படியே. பிறகு எண்ணெய் தொட்டு உருட்டி, கல் மாதிரி ஆகும் வரை வெயில்.

ஆனால் இது அம்மாவின் அளவு இல்லை. அம்மா 'ஒரு கை' என்றிருப்பார். சின்னம்மாவை உளுந்தை மூன்று தடவை அதே மாதிரி அள்ளச் சொல்லி, மூன்றையும் தராசில் வைத்துச் சராசரி எடுங்கள். கடுகுக்கும் உப்புக்கும் அப்படியே. கார்த்திகை மலரில் உங்கள் 2 பக்கத்தில் அரைப் பக்கத்தை இதற்கே கொடுக்கலாம்.

ஜாடியில் இருப்பது ஈரம் படாமல், பூஞ்சை வாடை இல்லாமல் இருந்தால் ஆறு உருண்டையைச் சமையலுக்கு எடுங்கள். கொஞ்சம் உதிர்த்து நல்லெண்ணெயில் போட்டால் வீடு முழுக்க வாசம் வரும். மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தாளியுங்கள். ஏழாவதை எடை போட்டு நோட்டில் சித்திரைப் பக்கத்தில் குறித்துவிட்டு, உடைக்காமல் ஜாடியிலேயே வையுங்கள். அடுத்த சித்திரையில் நீங்கள் உருட்டும்போது பக்கத்தில் வைத்து அளவு பார்க்க அது வேண்டும்.