வெளிப்படைத்தன்மைக்காக எப்போதும் வாக்களித்தேன் என்பவரின் பதிவை எவ்வாறு சரிபார்ப்பது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். அண்மையில் வேறு மாவட்டத்தைச் சேர்ந்த, நீண்ட காலம் பாராளுமன்றத்தில் இருந்த ஒருவர் வந்து உரையாற்றினார். அரச நிர்வாகம் ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டும் என்பதற்காகவே தாம் எப்போதும் வாக்களித்து வந்ததாக அவர் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு எங்களுள் ஒருவர், இவர் ஒரு தடவை அதற்கு நேர்மாறாக வாக்களித்தவர் என்றார். எது உண்மை என்பதை நாங்களாகவே கண்டறிய முடியுமா? முரண்பாடு இருந்தால் அதை எவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: கண்டறிய முடியும். ஆனால் அவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று தேடப் புறப்படுவதற்கு முன், அவர் குறிப்பிடும் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்ததா என்பதைப் பாருங்கள். நமது பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலத்துக்கு வாக்கெடுப்பு வேண்டுமென எந்த உறுப்பினரும் கோராவிட்டால், சபாநாயகர் வினாவை விடுத்து, சபையின் இணக்கத்தைக் குரல் மூலம் பெற்று, அது நிறைவேறியதாக அறிவித்துவிடுவார். யார் ஆதரித்தார், யார் வாய் திறக்காமல் இருந்தார் என்பதற்கு எந்தப் பெயர்ப்பட்டியலும் மிஞ்சாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அவ்வாண்டு ஜூன் 24 ஆம் திகதி இப்படித்தான் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. 2023 ஜூலை 19 ஆம் திகதி ஊழல் எதிர்ப்புச் சட்டமூலமும் அவ்வாறே நிறைவேறியது. ஆகவே "தகவலறியும் உரிமைச் சட்டத்துக்கு நான் வாக்களித்தேன்" என்று யாராவது மேடையில் சொன்னால், அதை மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவ ஆவணம் கிடையாது. அன்றைய விவாதத்தில் அவர் பேசினாரா, பேசியிருந்தால் என்ன சொன்னார் என்பதை மட்டுமே பார்க்கலாம். வெளிப்படைத்தன்மை பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் இப்படி ஏகமனதாக நிறைவேறுவது அரசியல்வாதிகளுக்கு மிகவும் வசதியான ஒன்று என்பது எனது கருத்து.

பெயர் பதிவாகிய வாக்கெடுப்புகளுள் மூன்றை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலாவது, 2015 ஏப்ரல் 28 ஆம் திகதி நடந்த அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தத்துக்கான வாக்கெடுப்பு. தகவல் பெறும் உரிமையை 14அ என்ற உறுப்புரையின் மூலம் அடிப்படை உரிமையாக்கியது இத்திருத்தமே. உயர் நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவை, கணக்காய்வுச் சேவை ஆணைக்குழு, தேசிய பெறுகை (அரச கொள்வனவு) ஆணைக்குழு ஆகியவற்றுக்கும் அதுவே இடமளித்தது. இரண்டாவது, 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி 156 வாக்குகளுக்கு எதிராக 65 வாக்குகள் என்ற கணக்கில் நிறைவேறிய 20 ஆவது திருத்தம். அது கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் பெறுகை ஆணைக்குழுவையும் நீக்கியதோடு, அரசியலமைப்புப் பேரவைக்குப் பதிலாக, நியமனங்கள் குறித்துத் தன் அவதானிப்புகளை மட்டும் தெரிவிக்கக்கூடிய பாராளுமன்றப் பேரவை ஒன்றை அமைத்தது. தகவலறியும் உரிமையையே 20 ஆவது திருத்தம் பறித்துவிட்டது என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது தவறு, 14அ உறுப்புரையில் அது கைவைக்கவில்லை. மூன்றாவது, 2022 ஒக்டோபர் 21 ஆம் திகதி நிறைவேறிய 21 ஆவது திருத்தம். நீக்கப்பட்டவற்றுள் மேற்சொன்ன ஆணைக்குழுக்களையும் அரசியலமைப்புப் பேரவையையும் அது மீளக் கொண்டுவந்தது. ஆதரவாக 179 பேரும் எதிராக ஒருவரும் வாக்களித்தனர்.

உங்கள் நண்பர் சொன்ன "ஒரு தடவை" பெரும்பாலும் 2020 ஆம் ஆண்டாகவே இருக்கும். 2015 இல் 19 ஐ ஆதரித்து, 2020 இல் அதன் முக்கிய பகுதிகளைக் கழற்றிய 20 ஐயும் ஆதரித்து, 2022 இல் கழற்றியவற்றை மீளப் பூட்டிய 21 ஐயும் ஆதரித்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். எதிர்க்கட்சி வரிசைக்குத் தெரிவானவர்களுள் எட்டுப் பேர் 2020 இல் 20 ஐ ஆதரித்தனர். அவர்களுள் ஒருவர் நமது மாவட்டத்தில் தெரிவானவர். உங்கள் கூட்டத்துக்கு வந்தவர் யார் என்பது எனக்குத் தேவையில்லை. இந்த மூன்று திகதிகளில் அவரது பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் முரண்பாட்டைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 2015 இல் அப்போது திகாமடுல்ல மாவட்டத்தைப் பிரதிநிதித்துவம் செய்த சரத் வீரசேகர மட்டுமே 19 ஐ எதிர்த்து வாக்களித்தார். 2020 இல் 20 ஐ ஆதரித்தார். 2022 இல் 21 ஐ எதிர்த்த ஒரேயொரு வாக்கும் அவருடையதே. மூன்று வாக்கெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முரண்பாடே இல்லாத பதிவு அவருடையது. வெளிப்படைத்தன்மையை விரும்பும் ஒருவர் அந்த மூன்று வாக்குகளில் எதையும் ஏற்கமாட்டார் என்றாலும், அவர் என்ன நினைக்கிறார் என்பதில் குழப்பம் இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே முரண்பாடு உண்டா இல்லையா என்ற கேள்வி உங்களைப் பாதித் தூரமே கொண்டுபோகும். ஒவ்வொரு வாக்கெடுப்பின்போதும் அவர் ஆளுந்தரப்பில் இருந்தாரா, எதிர்த்தரப்பில் இருந்தாரா என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கணக்காய்வையும் ஆணைக்குழுக்களையும் கோரி, அமைச்சு வந்ததும் அவற்றைத் தளர்த்த இணங்கி, மீண்டும் எதிர்க்கட்சிக்குப் போனதும் பழைய குரலுக்குத் திரும்புகின்ற பதிவு ஒன்று கண்ணில் பட்டால், அங்கே மாறுவது கொள்கை அன்று, ஆசனம்தான் என்று நீங்கள் முடிவுகட்டலாம்.

அதேவேளை நியாயமான விளக்கங்களும் இருக்கக்கூடும். அரசியலமைப்புத் திருத்தம் ஒரே பொதியாக வருவது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் பாராளுமன்றத்துக்கு வர முடியாது என்று 19 தடுத்தது, 20 அத்தடையை எடுத்தது, 21 மீண்டும் தடுத்தது. இந்த ஒரு விடயத்துக்காகவே தமது நிலைப்பாட்டை வகுத்துக்கொண்ட உறுப்பினர்கள் இருந்தனர். கட்சிக் கட்டுப்பாடும் பொய்யான சாட்டு அல்ல. அரசியலமைப்பின் 99 (13) உறுப்புரையின்படி, கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் தன் ஆசனத்தையும் இழக்கலாம். கட்சியின் முடிவுக்கு மாறாக வரவுசெலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்து நீக்கப்பட்ட நஸீர் அஹமட்டின் வழக்கில், அந்த நீக்கம் செல்லுபடியாகும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அவரது ஆசனம் வெறிதானது. ஆனால் கட்சி கட்டளையிட்டதால் வாக்களித்தவர், அன்றைய உரையிலோ பின்னரோ அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை. அன்று மௌனம், இன்று மேடையில் "எப்போதும்" என்பது சரியாகாது.

மறைப்பை ஏற்கும் எல்லா வாக்கும் வெளிப்படைத்தன்மைக்கு எதிரானதும் அன்று. காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் (2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கம்), இரகசியமாகத் தரப்பட்ட தகவல்களுக்குத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஏற்புடையதாகாது என்று 15 ஆம் பிரிவில் கூறுகிறது. ஒரு கண்கண்ட சாட்சியின் பெயரை யாரும் விண்ணப்பித்துப் பெற்றுவிட முடியாதபடி காப்பதே அதன் நோக்கம். திருகோணமலையில் உறவினரைத் தேடி நிற்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சட்டத்தை எண்ணிக்கையில் சேர்க்கும் முன், அது யாரை யாரிடமிருந்து மறைக்கிறது என்று பாருங்கள்: அதிகாரியின் செயலை மக்களிடமிருந்து மறைப்பதும், பலவீனமானவரை அதிகாரத்திடமிருந்து மறைப்பதும் ஒரே கணக்கில் வராது.

பாராளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சாட்டைத் தேடுவது கடினமன்று, கொஞ்சம் பொறுமை வேண்டும். பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதி வாரியாக அறிக்கைகள் உள்ளன. ஹன்சாட் உரை நிகழ்ந்த மொழியிலேயே அச்சாவதால், தமிழில் பெயரைத் தட்டித் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக அவர் அங்கே இல்லையென நினைத்துவிடாமல், பட்டியலைக் கண்ணால் பார்த்தே போங்கள். சட்டமூலத்தின் கொள்கையை விவாதிக்கும் இரண்டாம் மதிப்பீட்டின் முடிவிலும், பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலையில் ஏதாவது பிரிவுக்குத் தனியே வாக்கெடுப்பு நடந்திருந்தால் அங்கும், மூன்றாம் மதிப்பீட்டிலும் பார்க்க வேண்டும். ஒரு சட்டமூலத்தின் கொள்கையை ஆதரித்துவிட்டு அதன் ஒரு பிரிவை எதிர்ப்பது முற்றிலும் இயல்பானது.

பட்டியலில் எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். 225 பேர் கொண்ட சபையில் 21 ஆவது திருத்தத்துக்கு வாக்களித்தோர் 180 பேர். எஞ்சிய 45 பேருள் ஆசனத்தில் தலைமை தாங்கியவர் இருப்பார், வெளிநாடு சென்றவர் இருப்பார், நோயாளி இருப்பார், வேண்டுமென்றே நழுவியவரும் இருப்பார். ஒரு தடவை வராமலிருந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சிக்கலான வாக்கெடுப்புகள் அத்தனையிலும் ஒருவர் வராமலிருந்தால், வராமையே அவரது வாக்கு. இணையப் பதிவுகள் தொடர்பான நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 க்கு 62 என்று நிறைவேறியபோது வாக்களிக்காதோர் 55 பேர். அது கருத்துச் சுதந்திரம் பற்றிய சட்டம்தானே என்று கேட்கலாம். உயர் நீதிமன்றம் சுட்டிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படாமலே அது நிறைவேறியது என்ற குற்றச்சாட்டு எழுந்து, சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையாக மார்ச் மாதம் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. சட்டம் இயற்றும் முறையே மக்களுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும் என்று நினைப்பவர் இவ்விரண்டு நாட்களிலும் என்ன செய்தார் என்று பார்ப்பது வீணாகாது.

வாக்கெடுப்புக்கே வராத விடயங்கள் இதைவிட முக்கியமானவை. அதிலும் நமது மாவட்டத்துக்கு. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99 இல் 61 ஐக் கூட்டு நிறுவனத்துக்கும், 24 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 ஐ இந்தியன் எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் பிரித்தளிக்கும் உடன்படிக்கைகள் 2022 ஜனவரியில் கையெழுத்தாயின. திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது குறித்து இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. இத்தகைய ஒப்பந்தங்களின் வாசகத்தைச் சபையில் சமர்ப்பிக்கும்படி அவர் கேட்டாரா, எந்த ஆண்டில் கேட்டார், அப்போது எந்தப் பக்கம் இருந்தார் என்பவற்றை வாய்மூல வினாக்களிலும் ஒத்திவைப்பு விவாதங்களிலும் தேடலாம். பொத்தானை ஒரு முறை அழுத்தி வாக்களிப்பதைவிட, தன் கட்சி அரசாங்கத்தில் இருக்கும்போது அத்தகைய வினாவை எழுப்புவதற்குத் துணிவு வேண்டும் என்பதால், இதற்கு நான் அதிக நிறை கொடுப்பேன்.

ஹன்சாட்டில் கிடைக்காத வரவுப் பதிவு போன்றவற்றுக்குப் பாராளுமன்றத்தின் தகவல் உத்தியோகத்தருக்கே நீங்கள் விண்ணப்பிக்கலாம். தமிழில் எழுதலாம், காரணம் கூறத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேன்முறையீட்டு உத்தியோகத்தரிடமும், அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். பாராளுமன்றச் சிறப்புரிமையைக் காட்டி மறுப்பார்களோ என்று தயங்க வேண்டாம். சொத்துப் பிரகடனம் சமர்ப்பித்த உறுப்பினர்களின் பெயர்களைக் கேட்டு 2018 இல் ஓர் ஊடகவியலாளர் செய்த விண்ணப்பத்தைப் பாராளுமன்றம் மறுத்தபோது, பெயர்களை வெளியிடுமாறு ஆணைக்குழு பணித்தது. அந்தப் பணிப்பை 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. அவ்வழக்கு நடந்த காலத்தில் உங்கள் பேச்சாளர் தாமாகவே தமது பிரகடனத்தை வெளியிட்டிருந்தாரா என்பதும் நல்ல கேள்விதான்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் திகதி, சட்டமூலம், அவரது வாக்கு, அன்று அவர் இருந்த தரப்பு, அன்றைய உரையில் சொன்ன காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரை மீண்டும் அழைத்து, "ஏன் முரண்பட்டீர்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், "2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி பெறுகை ஆணைக்குழுவை நீக்கும் திருத்தத்தை ஆதரித்தீர்களா, அதன் காரணத்தை அன்று எங்கே சொன்னீர்கள்" என்று ஒரு திகதியையும் ஒரு விடயத்தையும் மட்டும் குறிப்பிட்டுக் கேளுங்கள். கேள்வியைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னரே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அப்போது நினைவில்லை என்று சொல்லித் தப்ப இடமிராது, அவரும் தமது பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவார்.