வந்தாளா, வந்ததா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் மகள் எட்டாவது படிக்கிறாள். ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரைப் பார்த்துவிட்டு, நம் மீன்பிடித் துறைமுகத்தில் பேசும் விலங்கு ஒன்று இருப்பதாகக் கதை எழுதினாள். அதற்கு, தொடரில் வரும் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் மொழி மாதிரி ‘க்ராக்’ என்று பெயர். ‘க்ராக் வந்தாள், வலையைப் பிரித்தாள்’ என்று எழுதியிருந்ததை டியூஷனில் ‘வந்தது, பிரித்தது’ என்று திருத்திவிட்டார்கள். ஒரே அழுகை. கிளிங்கானில் விலங்குகளை எப்படிச் சொல்வார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

திருத்தத்தை அழித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் மகள் எழுதியதுதான் சரி.

கிளிங்கான் மொழியை மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் உருவாக்கினார். அதன் அகராதி 1985இல் வந்தது. அதிலும் நம் திணை மாதிரி ஒரு பிரிவு உண்டு. ஆனால் அங்கே கேள்வி, மனிதரா இல்லையா என்பதல்ல. பேசத் தெரிந்ததா என்பதுதான். பேசுகிறவர்களுக்குப் பன்மை ‘பு’. பிள்ளைகள் என்றால் ‘புக்பு’. காட்டுப்பன்றி போன்ற ‘தார்க்’ பேசாது, அதனால் ‘தார்க்மேய்’. ‘என்னுடைய’ என்பதற்கும் இரண்டு விகுதிகள். பேசாதவற்றுக்கு உரியதை ஆளுக்குப் போட்டால் இலக்கணப் பிழை இல்லை, அவமானம். க்ராக் பேசுகிறாள் அல்லவா? கிளிங்கான்கள் யோசிக்காமல் ‘பு’ போட்டுவிடுவார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்லலாம் என நன்னூலே இடம் தருகிறது. திணை வழுவமைதி என்று பெயர். பாசம் வந்தால் திணை மாறலாம் என்று எழுதிவைத்த இலக்கணம் நம்முடையது. குழந்தைக்கு அதைச் சொல்லிக்கொடுக்காமல் சிவப்பு மையால் அடித்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் அந்தப் பெயர். கரகரவென்று ஒலித்தால் மட்டும் கிளிங்கான் பெயர் ஆகிவிடாது. தார்க்கை வீட்டில் வளர்க்கிறார்கள், அதன் இதயத்தைச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். ‘காக்’ என்ற புழுவை உயிரோடு தின்கிறார்கள். அவர்கள் மொழியில் ‘விலங்கு’, ‘இறைச்சி’ என்ற இரண்டுக்கும் ஒரே சொல். அதுவே ஆளைத் திட்டவும் ஆகிறது. கூட இருந்து பழகியவர்கள் வாயில் புழங்கும் பெயர்கள் இவை, அதனால்தான் இல்லாத மிருகத்தையும் நம்ப முடிகிறது.

உங்கள் ஊரிலேயே பாருங்கள். மீன் விற்கும் அம்மா ஒரு வவ்வாலை எடுத்து, செவுளை விரலால் விலக்கிச் சிவப்பைக் காட்டுகிறார். பறக்கும் வவ்வால் யார் நினைவுக்கும் வருவதில்லை. தட்டையான உடம்பையும் விரிந்த துடுப்பையும் பார்த்து, கடலுக்குப் போன யாரோ எப்போதோ வைத்த பெயர்.

க்ராக் என்ற பெயர் இருக்கட்டும், அது அவள் தனக்கே வைத்துக்கொண்டது. ஆனால் துறைமுகத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்கள் அவளை முதன்முதலாகப் பார்த்ததும் என்னவென்று கூப்பிட்டார்கள்? அவர்கள் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, இப்படி ஒன்று வந்தால் என்ன பெயர் வைப்பீர்கள் என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். கதையை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.