வேப்பமரத்துச் சீந்தில் கஷாயத்தைத் தினமும் குடிக்கலாமா?

வேப்பமரத்தில் சீந்தில் கொடி ஏறியிருக்கிறது, எதிர்ப்புசக்திக்குத் தினமும் கஷாயம் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வைத்தியர் பார்க்காமல் தினமும் வேண்டாம். எங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

2021 கொரோனா சமயம். எங்கள் கொல்லை வேப்பமரத்திலும் கொடி இருந்தது. வேம்பில் படர்ந்த சீந்திலுக்குத்தான் வீரியம் அதிகம் என்பார்கள் இல்லையா, அதனால் சுண்டுவிரல் நீளம் அறுத்து, காகிதம் போல உரியும் மேல்தோலைச் சுரண்டி, பச்சைத் தண்டை நசுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு நானேதான் கொடுத்தேன். கசப்பு தொண்டையிலேயே நிற்கும், அம்மா முகம் சுளிக்காமல் குடிப்பார். மூன்றாவது மாதம் சோறு பிடிக்கவில்லை, கண் மஞ்சளானது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குத் தைராய்டு மாத்திரை மட்டும்தான் என்றோம். கஷாயத்தை நாங்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை! நான்காம் நாள்தான் நினைவு வந்து சொன்னேன். நிறுத்திய பிறகு தேறி வர இரண்டு மாதம் ஆனது.

சீந்தில்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அதே வருடம் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதித்த 6 பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆயுர்வேதம், சித்தம் போன்ற வைத்திய முறைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, அது சீந்திலேதானா, அதே இனத்து வேறு கொடியா என்று பார்த்தார்களா என்று கேட்டது. அந்த வேறு கொடியின் தண்டில்தான் மரு மருவாக இருக்கும், உங்கள் கொடியைத் தடவிப் பாருங்கள்.

ஆயுர்வேதத்தைப் பழிக்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். குடூசி என்றும் அமிர்தா என்றும் பெயர் வைத்துக் காய்ச்சலுக்கு இதில் செய்த அமிர்தாரிஷ்டம் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள், சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் இதன் சாற்றைப் புத்திக்கு நல்ல ரசாயனங்களில், அதாவது உடம்பைத் தேற்றும் மருந்துகளில் வைத்திருக்கிறது, நம் சித்த வைத்தியத்தில் இந்தத் தண்டிலிருந்து எடுக்கும் மாவான சீந்தில் சர்க்கரை உண்டு. அதையெல்லாம் நாடி பார்த்து, அளவு சொல்லி, இத்தனை நாள் என்று கொடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து நான் கொடுத்ததில் இதில் எது இருந்தது? உடம்பின் எதிர்ப்புசக்தி தன்னையே தாக்கும் நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த வேப்பமரம் இப்போது இல்லை. இலை விழுந்து மாடி குப்பையாகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் ஊரில் இல்லாதபோது ஆள் வைத்து வெட்டிவிட்டார், நாற்பது வருட மரம். மதில்மேல் தொங்கிய கொடித்துண்டு மட்டும் சாகவில்லை, நூல் மாதிரி வேரை இறக்கி மண்ணைத் தொட்டுவிட்டது. அம்மா அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்.