குத்துக்கு 4 டேமேஜ்தானா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் நண்பர்கள் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம்) ஆடுகிறோம், 2024 விதிப்படி. என் கதாபாத்திரமான ஃபைட்டர் குத்துவரிசைக்காரன், லெவல் 1, ஸ்ட்ரெங்த் 16. குத்தினால் 4 டேமேஜ்தான் விழுகிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் ‘குத்துவரிசை ரூல்ஸ்’ பிடிஎஃப் 600 ரூபாய் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்த மாதிரி பிடிஎஃப்கள் நிறையப் பார்த்தாயிற்று. பாதிப் பக்கங்கள் எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதி ஆவணத்தின் அப்பட்டமான நகலாக இருக்கும். அது 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வந்துவிட்டது. மீதிப் பக்கங்களில் ‘குத்துக்கு இரண்டு ஆறுமுகப் பகடை’ என்று மனம்போன போக்கில் எழுதியிருப்பார்கள். அதை நம்பி ஆடினால், பக்கத்தில் வாளோடு நிற்கும் நண்பருக்கு ஆட்டத்தில் வேலையே இருக்காது. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ‘ஒரிஜினல்’ என்று விற்பவர்களும் உண்டு. திருட்டு நகல், தொடாதீர்கள்.

உங்கள் 4 சரியான கணக்குதான். வெறுங்கைக்குப் பகடை கிடையாது. 1, அதோடு உங்கள் ஸ்ட்ரெங்த் 16 தரும் 3. லாங்ஸ்வோர்ட், அதாவது நீள வாள், என்றால் எட்டுமுகப் பகடையும் 3-ம்.

உங்களுக்கு வேண்டியது அன்ஆர்ம்ட் ஃபைட்டிங் (வெறுங்கைச் சண்டை) என்ற ஃபைட்டிங் ஸ்டைல், அதாவது ஃபைட்டர் தேர்ந்தெடுக்கும் சண்டை முறை. எடுத்தால் குத்துக்கு அந்த 1-க்குப் பதில் ஆறுமுகப் பகடை. கையில் ஆயுதமும் கேடயமும் இல்லையென்றால் எட்டுமுகம். கேடயத்தைச் சேர்த்துச் சொல்கிறேன், கவனியுங்கள். ‘கேடயம் ஆயுதமில்லையே’ என்று அதை மாட்டிக்கொண்டே எட்டுமுகத்தை உருட்டுகிறவர்கள் அதிகம். மாட்டியிருந்தால் ஆறுமுகம்தான், நீங்கள் ஓங்கிய கை எதுவானாலும். வேறு ஸ்டைல் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? ஃபைட்டரில் அடுத்த லெவல் ஏறும்போது மாற்றிக்கொள்ளலாம்.

எரிச்சல் என்னவென்றால், இந்த ஸ்டைல் இலவச ஆவணத்தில் இல்லை, விலைக்கு விற்கும் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில்தான் இருக்கிறது. அதிலும் குத்து பற்றிய விதி கடைசிச் சொற்பட்டியலில், ஸ்டைல் ஃபீட் (சிறப்புத் திறன்) அத்தியாயத்தில், ஃபைட்டர் வேறொரு அத்தியாயத்தில். ஒரே ஒரு குத்துக்கு இத்தனை புரட்டல்! இந்தச் சிதறலை வைத்துத்தான் பிடிஎஃப் ஆசாமிகள் பிழைக்கிறார்கள். குழுவில் ஒருவரிடம் அசல் புத்தகம் இருந்தால் போதும், அந்தப் பக்கத்தை ஆட்டத்தை நடத்தும் உங்கள் டி.எம்.மோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

அப்புறம், பிடிப்பையும் விடாதீர்கள். அடிக்குப் பதில் எதிராளியைப் பிடிக்கலாம். உங்களைவிட ஒரு அளவு பெரியவன்வரை சரி, ஒரு கை காலியாக இருக்க வேண்டும். அவன் பகடை உருட்டி 13 எடுத்துத் தப்பாவிட்டால் நகர முடியாது. இந்த ஸ்டைல் இருந்தால், உங்கள் ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் பிடிபட்டவனுக்கு நாலுமுகப் பகடை டேமேஜும் கொடுக்கலாம்.