ஈறு வலிக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: எனக்கு 48 வயது. கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மனச்சோர்வுக்காக இரவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாகப் பல் துலக்கினாலே ரத்தம் வருகிறது. கீழ் முன்பல் லேசாக ஆடுகிறது. பல் மருத்துவரிடம் போனால், “மனசு சரியில்லையா?” என்று கேட்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பல்லுக்குத்தானே போனேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் கேட்டது நியாயமான கேள்விதான் அம்மா. ஏன் கேட்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

என்னிடம் வந்த ஒரு ஆசிரியையிடம், வீட்டில் தேய்க்கும் பிரஷ்ஷைக் கொண்டுவரச் சொன்னேன். வாங்கி எட்டு மாதம் ஆன பிரஷ்; ஒரு நார்கூட வளையவில்லை. “தினமும் தேய்க்கிறேனே” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “எழுந்திரிக்கவே முடியலை டாக்டர்” என்று அழுதுவிட்டார். சோம்பேறித்தனம் இல்லை அது. மனம் சோர்ந்தவருக்கு வாஷ்பேசின் வரை போவதே பெரிய வேலை.

உங்கள் மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் பல்லில் அழுக்கு சீக்கிரம் படியும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மனநல மருத்துவரிடம் வாய் உலர்வதைச் சொல்லுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். வாய் காய்கிறதே என்று புதினா மிட்டாய் சப்புவார்கள் பலர், அது வேண்டாம்.

இன்னொன்று, நீண்ட நாள் கவலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடி, கிருமியை எதிர்க்கும் சக்தி தடுமாறுகிறது. அமெரிக்காவின் பஃபலோவில் ராபர்ட் ஜென்கோ குழுவினர் 1,400-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பணக்கஷ்டத்தில் தவித்தவர்களுக்கு ஈறு நோய் கூடுதலாக இருந்தது. அதே கஷ்டத்திலும் சமாளித்துக்கொண்டவர்களுக்கு அப்படி இல்லை. ஆனால் ஈறைச் சரிசெய்தால் மனச்சோர்வு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வுக்கு மனநல வைத்தியம்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுகோல் விட்டு ஆழம் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அதைத் தாண்டினால் உள்ளே இறங்கிய காரையை, அதாவது இறுகிப்போன அழுக்கை, சுத்தம் செய்ய வேண்டும். “க்ளீன் பண்ணினால் பல் ஆடும்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். தாங்கும் எலும்பு கரைந்த பல் ஏற்கெனவே ஆடத்தான் செய்யும், காரை அதை மறைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் அதை விட்டுவிடக் கூடாது.

இரவில் எழுந்து போக முடியாத நாட்களில் கட்டிலில் உட்கார்ந்தே, ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு தேயுங்கள். தூக்கம் வராமல் மனசு கனக்கிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ்ஷையும்தான்.