மலைச் சைக்கிளுக்குப் புது டிஸ்ப்ளே

கேள்வி: என் எலக்ட்ரிக் மலைச் சைக்கிளில் டிஸ்ப்ளே பழசு. உச்சி வெயிலில் எழுத்தே தெரிவதில்லை. கலர் டிஸ்ப்ளே வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாராளமாக மாட்டலாம். ஆனால் வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள். பஃபாங் கம்பெனி மோட்டார் என்றால், அது டிஸ்ப்ளேயோடு தகவல் பரிமாறும் முறையில் யூஆர்ட், கேன் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் டிஸ்ப்ளே இன்னொன்றோடு பேசாது. நான் இதைக் கவனிக்காமல் வாங்கிப் பணத்தை விட்டேன். பழைய டிஸ்ப்ளேயின் பின்பக்கத்து மாடல் எண்ணைக் கடையில் காட்டியே வாங்குங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டிஸ்ப்ளே வயரின் கனெக்டரைத் திருகவே கூடாது, நேராக இழுக்க வேண்டும். உள்ளே ஊசி மாதிரி பின்கள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போச்சு. மாட்டும்போது இரண்டு பக்கத்து அம்புக்குறிகளையும் நேருக்கு நேர் வைத்து அழுத்துங்கள். அப்புறம் ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். வயர் இழுபடக் கூடாது. ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே!

செட்டிங்கில் சக்கர அளவு 27.5 அங்குலமா, 29-ஆ என்று டயரைப் பார்த்துப் போடுங்கள். மாறிப்போனால் வேகமும் தூரமும் தப்பாகவே காட்டும்.