ரிப்போர்ட்டில் 9 என்று இருந்தால் அம்மா மேல் தப்பா?

கேள்வி: புற்றுநோய் வலிக்காக அப்பாவுக்கு எட்டு மாதமாக ஃபென்டனில் (அபின் வகை வலிமருந்து) பேட்ச் தோலில் ஒட்டிவந்தோம். ஒருநாள் காலையில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். போலீஸ் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் ‘ரத்தம்: ஃபென்டனில் 9 நானோகிராம்/மில்லி’ என்று இருக்கிறது. 3-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று எங்கோ படித்த அண்ணன், பேட்ச் மாற்றிவந்த அம்மாவைக் குற்றம் சொல்கிறார். அது சரியா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

அண்ணன் படித்தது உயிரோடு இருப்பவர்களுக்கான கணக்கு. அதிலும் இந்த வகை மருந்துக்குப் பழகாதவர்களுக்கானது. அவர்களுக்கு 1–2 நானோகிராமிலேயே வலி அடங்கும், அதற்கு மேல் போனால் மூச்சு மந்தமாகலாம். எட்டு மாதம் பேட்ச் ஒட்டியவரின் உடம்பு வேறு. புதியவரைச் சாய்த்துவிடும் அளவோடு அவர் நடமாடிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது விஷயம்தான் பெரியது. ஃபென்டனில் கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக நுரையீரல், கல்லீரல், இதயத் தசை என்று திசுக்களில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். இறந்த பிறகு செல்கள் சிதையச் சிதைய, பதுங்கியிருந்தது பக்கத்திலுள்ள ரத்தத்துக்குள் கசிகிறது. ஆகவே இதயத்திலிருந்து எடுத்த ரத்தத்தில், இறந்த நொடியில் இருந்ததைவிட அளவு கூடித் தெரியும். தொடை நாள ரத்தத்தைவிட இருமடங்குகூட வருவதுண்டு. தொடை ரத்தமும் முழுக்கத் தப்புவதில்லை, ஆனால் பாதிப்பு குறைவு. உங்கள் அறிக்கை வெறும் ‘ரத்தம்’ என்கிறது. எந்த இடத்து ரத்தம், இறந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது என்று தெரியாமல் அந்த 9-ஐ நான் படிக்கவே மாட்டேன்.

கல்லீரலில் இருந்த ஃபென்டனில் அளவை எடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். ரத்தம்போல அது அவ்வளவு ஏறி இறங்குவதில்லை. ஆனால் நம்மூரில் உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவது வழக்கம். அதில் ஊறிய துண்டை வைத்து ‘கிராமுக்கு இவ்வளவு’ என்று சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். கூடவே நோர்ஃபென்டனிலும் அளந்தார்களா என்று பாருங்கள். ஃபென்டனிலைக் கல்லீரல் உடைக்கும்போது உண்டாவது அது. தொடர்ந்து பேட்ச் ஒட்டியவரிடம் கணிசமாக இருக்கும். திடீரென ஊசியில் ஏற்றி உடனே இறந்தவரிடம் மிகக் குறைவாக இருக்கும்.

நிஜமாகவே அளவு கூடியிருந்தாலும் அம்மாதான் காரணம் என்றாகிவிடாது. காய்ச்சலோ, பேட்ச் மேல் வைத்த வெந்நீர்ப் பையோ தோல் வழியாக மருந்து இறங்குவதை வேகப்படுத்தும். வாயில் வந்த பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் மருந்து கொடுத்திருந்தார்களா? அது கல்லீரல் ஃபென்டனிலை உடைப்பதைத் தடுக்கும், அதனால் ரத்தத்தில் அளவு ஏறும்.

சரி, என்ன செய்யலாம்? பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரைப் போய்ப் பாருங்கள். உடலில் எத்தனை பேட்ச், எந்த இடத்தில் ஒட்டியிருந்தன என்று குறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசி மாத மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அப்புறம், வீட்டில் மிச்சமிருக்கும் பேட்ச்களை அண்ணனையே எண்ணச் சொல்லுங்கள். பொதுவாக ஒரு பேட்ச் 72 மணி நேரத்துக்கு. வாங்கிய தேதி, வாங்கிய எண்ணிக்கை, மிச்சம் மூன்றும் கையில் இருந்தால், அம்மா கூடுதலாக ஒட்டினாரா என்பதற்கு அந்த 9-ஐவிடத் தெளிவான பதில் அதிலேயே கிடைக்கும்.